ஐந்து டாலர் டிக்கெட்: ஃபுகாஸியின் கணக்கு தர்மபுரியில் ஓடுமா?

பாலக்கோடு பேஸ்:

எங்கள் குழுவுக்குள் ஒரு இழுபறி. நாங்கள் நாலு பேர், எல்லோருக்கும் ஓசூரில் வேலை, கையில் சொந்தப் பாட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. தர்மபுரியில் சின்ன மண்டபம் ஒன்றை எடுத்து முதல் ஷோ போடலாம் என்று பேச்சு. டிக்கெட் எவ்வளவு என்பதில்தான் தகராறு. கிட்டார் வாசிக்கிறவன் 499 என்கிறான், பெங்களூரில் அதுதான் ரேட்டாம். நான் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறேன். அதற்குக் காரணம் ஃபுகாஸி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987இல் தொடங்கிய ராக் இசைக்குழு. மைனர் த்ரெட் குழுவில் பாடிய இயன் மெக்காய் இதில் கிட்டார் வாசித்துப் பாடினார். பேஸ் கிட்டார் ஜோ லாலி, டிரம்ஸ் பிரெண்டன் கேன்ட்டி. சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தவர் கீ பிச்சியோட்டோ. அவரும் கேன்ட்டியும் அதற்கு முன் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். இந்த நாலு பேர் கடைசி வரை மாறவே இல்லை. 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததுதான் கடைசி ஷோ. பிரிந்துவிட்டோம் என்று இன்று வரை அவர்கள் சொல்லவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட் ஐந்து டாலர்தான். எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம். டி-ஷர்ட், தொப்பி, போஸ்டர் எதுவும் விற்கவில்லை. 1993இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான அகமத் எர்டெகனே நேரில் வந்து பேசியும் பெரிய லேபிளுக்குப் போகவில்லை. லோலாபலூசா இசை விழாவையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த விழாவின் டிக்கெட் விலை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. மது, சிகரெட் விளம்பரம் போடும் பத்திரிகைகளுக்குப் பேட்டியும் கிடையாது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுப்படியானது? விலை குறைவாக இருந்ததற்கும் அந்த இசை அப்படி இருந்ததற்கும் தொடர்பு உண்டா? எனக்கு உண்டென்றுதான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மண்டப விஷயத்தில் அனுபவம் உள்ளவர்களும் எழுதலாம்.

சிப்காட் சீனி:

தம்பி, முதலில் சாமி கும்பிடுவதை நிறுத்துங்கள். ஃபுகாஸி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்களைப் பற்றி யார் எழுதினாலும் ஐந்து டாலரில் ஆரம்பித்து ஐந்து டாலரில் முடிக்கிறார்கள், பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள்.

அப்புறம் கணக்கு. ஆயிரம் பேர் வந்தால் ஐந்து டாலரும் ஐயாயிரம் டாலர். உங்கள் ஷோவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? நூறு பேர் வந்தாலே பெரிது. நூறு பேர், நூறு ரூபாய், மொத்தம் பத்தாயிரம். மண்டப வாடகையும் மைக் செட்டும் போக டீக்குக்கூட மிஞ்சாது. 1990இன் ஐந்து டாலர் இன்றைய மதிப்பில் சுமார் 12 டாலர். அது ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டே வருகிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் கிட்டார்காரர் 499 கேட்பதே ஃபுகாஸியைவிட மலிவு.

அரூர்க்காரி:

சீனி அண்ணா, டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அந்த ஊரில் அன்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கைச்செலவுக் காசில் கொடுக்கக்கூடிய தொகையா என்பதுதான் கேள்வி. தர்மபுரியில் ஒரு பாலிடெக்னிக் பையனால் 499 கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

இன்னொன்று, ஆயிரம் பேர் வந்த பிறகு அவர்கள் விலையைக் குறைக்கவில்லை. யாருக்கும் பெயர் தெரியாத காலத்திலேயே அதே விலைதான். வருமானம் பெருகிய பிறகு காட்டிய தாராளம் இல்லை இது. செலவை எங்கே வெட்டினார்கள் என்று பார்த்தால் புரியும். மேனேஜர் இல்லை. ஊர் ஊராக ஷோ பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் இல்லை, அந்த வேலையை மெக்காயே போன் போட்டுச் செய்தார். வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதவில்லை. ஒரு வேனில் நாலு பேரும் கூட ஓரிருவரும். ஆரம்ப காலத்தில் அறை எடுக்காமல் தெரிந்தவர்கள் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டார்கள். பின்னணித் திரை, புகை, வண்ண விளக்கு ஒன்றும் கிடையாது, மேடையில் வெறும் வெள்ளை வெளிச்சம். இவ்வளவையும் கழித்துவிட்டால் ஒரு ஷோவுக்கு என்னதான் செலவு?

அதைவிட முக்கியம் அவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட லேபிள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் (நாம் சாட் செய்கிற டிஸ்கார்ட் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்) 1980இலேயே தொடங்கிவிட்டது. மெக்காயும் ஜெஃப் நெல்சனும் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிக்காலக் குழுவில் இருந்தார்கள். குழு கலையும்போது சேர்ந்திருந்த பணத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளாமல் அதில் ஒரு தட்டுப் போட்டார்கள். அட்டையை அச்சடித்து, கையால் வெட்டி, மடித்து, பசை ஒட்டினார்கள். ஃபுகாஸி பிறக்கும்போது அந்தக் கடை ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. தபாலில் வாங்கினால் இன்ன விலை என்று தட்டின் உறையிலேயே அச்சிட்டுவிடுவார்கள், கடைக்காரர் ஏற்றி விற்க முடியாது.

டிஸ்கார்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர்கள் வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிட்டார்கள். வெளியூரிலிருந்து எவ்வளவு நல்ல குழு வந்து கேட்டாலும் இல்லை. எங்கள் ஊரில் நடப்பதைப் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான் என்ற நினைப்பு. பாலக்கோடு தம்பி பார்க்க வேண்டியது டிக்கெட்டை இல்லை, இதை. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் சொந்தமாகப் பாட்டு எழுதுகிற குழுக்கள் எத்தனை இருக்கின்றன, அவை ஒன்றையொன்று அறியுமா?

ரெண்டாவது ஸ்நேர்:

பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை என்று சீனி அண்ணன் கேட்டார் அல்லவா, நான் எழுதுகிறேன். டிரம்ஸ் வாசிக்கிறவன், ஆகவே என் காது அந்தப் பக்கம்தான் போகும்.

ஃபுகாஸியைப் பங்க் (வேகமும் இரைச்சலுமான ராக்) என்று பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். மைனர் த்ரெட் வேகம். ஃபுகாஸி அது இல்லை. மெக்காய் வேகத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுத் தாளத்துக்கு வந்தார். ஜோ லாலியின் பேஸைக் கவனியுங்கள், ஜமைக்காவின் டப் ரெகே இசை கேட்டு வளர்ந்த கை. சுரங்கள் கொஞ்சம், நடுவில் காலி இடம் நிறைய. கேன்ட்டி அந்தக் காலி இடத்துக்குள் வாசிப்பார். வாஷிங்டனில் கறுப்பின மக்களிடையே பிறந்த கோ-கோ என்ற ஆட்ட இசை உண்டு, தாளம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். அதே ஊரில் வளர்ந்தவர்கள், அது ஒட்டாமல் போகுமா? அவருடைய டிரம்ஸ் செட்டில் ஒரு பெரிய மணியும் தொங்கும். சிம்பல் எதிர்பார்க்கிற இடத்தில் மணி விழும்போது பாட்டுக்கே வேறு நிறம் வந்துவிடும்.

அவர்களின் மிகப் பிரபலமான பாட்டு ‘வெயிட்டிங் ரூம்’. அதில் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும், டிரம்ஸும் கிட்டாரும் வந்து சேரும், சேர்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாமே நின்றுவிடும். சில விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு மறுபடி. முதல் தட்டிலேயே, முதல் பாட்டிலேயே நிறுத்தத் துணிந்தவர்கள் இவர்கள். ரிகர்சலில் நாங்கள் இதை வாசிக்க முயன்றால் அந்த அமைதியை யாராலும் தாங்க முடியாது, ஒருவன் கம்பியைத் தட்டிவிடுவான்.

அப்போது கீ பிச்சியோட்டோ கையில் கிட்டாரே இல்லை. வெறுமனே பாடுவார், ஆடுவார், ஒரு ஷோவில் கூடைப்பந்து வளையத்துக்குள் உடம்பை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடியிருக்கிறார். அவர் ரிக்கன்பேக்கர் கிட்டாரைத் தூக்கிய பிறகுதான் ‘ரிப்பீட்டர்’ (1990) வருகிறது, குழுவின் உண்மையான ஓசையும் வருகிறது. மெக்காயின் கிப்சன் எஸ்ஜி கிட்டாருடையது தடித்த குரல், பிச்சியோட்டோவுடையது மெல்லிய, கூரிய குரல். ஒருவர் தாளம், ஒருவர் லீட் என்ற பிரிவே கிடையாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நுழைவார், பாடுவதும் அப்படித்தான். பெடல் போர்டு வைத்து ஓசையை மாற்றும் பழக்கமும் இல்லை. கையின் அழுத்தம், ஆம்பின் வால்யூம், ஃபீட்பேக் (ஸ்பீக்கருக்கு எதிரே கிட்டார் எழுப்பும் ஊளை), இவைதான் கருவி.

‘இன் ஆன் த கில் டேக்கர்’ (1993) தட்டுக்கு ஒரு கதை உண்டு. முதலில் சிகாகோ போய் ஸ்டீவ் அல்பினி என்ற ஒலிப்பதிவாளரிடம் பதிவு செய்தார்கள். ஊர் திரும்பிப் போட்டுக் கேட்டால் சரியில்லை. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, வழக்கமான இன்னர் இயர் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியுடன் முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். பெரிய லேபிளில் இருந்திருந்தால் கணக்குப் பிள்ளை ஒருவர் வந்து நின்றிருப்பார். இவர்களைக் கேட்க ஆளில்லை. அந்தத் தட்டுதான் பில்போர்ட் 200 என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலுக்குள் போனது.

அதற்கடுத்த ‘ரெட் மெடிசின்’ (1995) எனக்குத் தலையாயது. பல ரசிகர்கள் அதில் வழி தவறிப்போனதாகச் சொல்வார்கள், நான் ஒப்பவில்லை. கடைசித் தட்டு ‘தி ஆர்க்யூமென்ட்’ (2001). அதில் செல்லோ வருகிறது, ஜெர்ரி புஷர் இரண்டாவது டிரம்ஸ் வாசிக்கிறார், குரல்கள் தணிந்திருக்கின்றன. ஸ்நேர் என்பது டிரம்ஸ் செட்டில் ஒரு கொட்டு, என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பாலக்கோடு பேஸ்:

ஸ்நேர் அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு கேள்வி. மேடைக்குப் போகும்போது அவர்கள் பாட்டு வரிசையே எழுதிக்கொள்வதில்லை என்று படித்தேன். எப்படிச் சமாளித்தார்கள்?

ரெண்டாவது ஸ்நேர்:

ஆமாம், வரிசை கிடையாது. மெக்காயோ பிச்சியோட்டோவோ ஒரு பாட்டின் தொடக்கத்தை எடுப்பார், மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு எல்லாப் பாட்டும் எல்லா நேரமும் விரலில் இருக்க வேண்டும். அவ்வளவு ரிகர்சல் அவர்களுக்குப் பின்னால் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒட்டுப் போட்டு வாசித்தே நகர்ந்துவிடுவார்கள். இது உண்மையா என்று சோதிக்கவும் வழியிருக்கிறது. அவர்களுடைய ஒலிப்பதிவாளர்கள் வருடக்கணக்கில் கச்சேரிகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள், எண்ணூறுக்கும் மேல். விலை? வேறென்ன, ஐந்து டாலர். விருப்பப்பட்டால் ஒரு டாலர் கொடுக்கலாம், நூறும் கொடுக்கலாம்.

பென்னாகரம் முகவீணை:

நான் இந்த ராக் விவகாரத்துக்கு வெளி ஆள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கூத்து. மகன் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

டிக்கெட் கிழித்து ஆட்டம் பார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் பழக்கமே இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் இரவு முழுக்கக் கூத்து. பணம் எங்கிருந்து? தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி வைப்பார்கள், பெரிய வீடு சின்ன வீடு எல்லோருக்கும் ஒரே தொகை. கொடுக்க முடியாதவனையும் பார்க்க வராதே என்று யாரும் சொல்வதில்லை. பாய் போட்டு உட்கார்ந்தால் விடிய விடிய அவன் ராஜா. ஆகவே ஐந்து டாலர் எனக்கு அதிசயமாகப் படவில்லை.

வேறொன்றுதான் எனக்கு அதிசயம். கூத்தில் ஒரு தொல்லை உண்டு. கர்ணன் கட்டியக்காரனோடு பேசிக்கொண்டிருப்பான், நடுவில் ஒருவர் மேடையேறி வேடக்காரர் மேல் ரூபாய் நோட்டைக் குத்துவார். உடனே பாட்டை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபம். காசு கொடுத்தவனுக்காக ஆட்டம் நிற்கும். மெக்காய் என்ற அந்த வெள்ளைக்காரப் பாடகரும் நடுவில் ஆட்டத்தை நிறுத்துகிறார், ஆனால் கூட்டத்தில் ஒருவன் அடுத்தவனை இடிக்கிறான் என்பதற்காக நிறுத்துகிறார். அப்புறம் அவனுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புகிறாராம். எங்கள் அப்பா இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

பாலக்கோடு தம்பி, மண்டபம் எதற்கு? கோயில் திடலில் கேட்டுப் பாருங்கள்.

சிப்காட் சீனி:

ஐயா சொன்னது சரிதான், ஆனால் கோயில் திடலில் எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்து இவர்கள் வாசித்தால் இரண்டாவது பாட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டு விசில் அடிப்பார்கள். நம் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களைக் கேளுங்கள்.

அந்தக் காசு திருப்பும் கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து டாலரை உறையில் போட்டுத் தயாராக வைத்திருப்பார்களாம், தள்ளுமுள்ளு செய்பவனை மேடையிலிருந்தே பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டு, உறையைக் கொடுத்து அனுப்புவார்களாம். எனக்கு அது வாத்தியார்த்தனமாகத் தெரிகிறது. பங்க் ஷோவுக்கு வருகிறவன் முட்டி மோதத்தான் வருகிறான். பிரம்பை எடுத்துக்கொண்டு நிற்கிற குழுவை எத்தனை நாள் பார்ப்பது?

அரூர்க்காரி:

நீங்கள் வழக்கமாக எங்கே நின்று பார்ப்பீர்கள் அண்ணா? முன் வரிசையில் இருப்பீர்கள். நான் எங்கே நிற்பேன் தெரியுமா? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் மேடை போட்டாலும் சரி, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் கலை நிகழ்ச்சி என்றாலும் சரி, கூட்டம் இறுகத் தொடங்கியதும் அம்மா கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார். மேடையில் யார் என்றே தெரியாத தூரத்தில் நின்றுதான் நான் பாட்டுக் கேட்டு வளர்ந்தேன். இந்த இழையில் எழுதுகிற ஆண்கள் யாருக்கும் அந்தத் தூரம் தெரியாது.

ஃபுகாஸி நிறுத்தியது ஆட்டத்தை இல்லை. அவர்கள் ஷோவின் படங்களைப் பாருங்கள், பிச்சியோட்டோவைவிட யார் ஆடிவிட முடியும்? எண்பதுகளில் அந்த வட்டாரத்து ஷோக்களில் முரட்டு இளைஞர்கள் முன்னால் வந்து மோத, பெண்களும் சின்னப் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கினார்கள். அந்த இடத்தை மீட்பதற்குத்தான் பாட்டை நிறுத்தினார்கள். எந்த வயதுக்காரரும் வரலாம் என்று அறிவித்துவிட்டு, உள்ளே பலசாலிக்கு மட்டும் இடம் என்றால் அந்த அறிவிப்புக்கு என்ன மதிப்பு? டிக்கெட் விலையும் இதுவும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கம். பப்களை விட்டுவிட்டுச் சர்ச் ஹாலையும் சமூகக் கூடத்தையும் தேடிப் பிடித்ததும் அதனால்தான், பாரில் 21 வயதுக்குக் கீழே உள்ளே விட மாட்டார்கள்.

அவர்கள் சொந்த ஊரில் வாசித்தவை பெரும்பாலும் நிதி திரட்டும் ஷோக்களும் இலவச ஷோக்களும்தான். ஃபோர்ட் ரெனோ என்ற பூங்காவில் கோடைக் காலத்தில் புல்தரையில் வாசிப்பார்கள். 1991 ஜனவரி 12ஆம் தேதி, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், கடுங்குளிரில் வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் வாசித்தார்கள். அந்தப் பதிவு கிடைக்கிறது, கேளுங்கள். வாத்தியார்த்தனம் என்று சொல்கிற அதே குரல்தான், அங்கே வேறு மாதிரி ஒலிக்கும்.

சிப்காட் சீனி:

பெண்கள் விஷயத்தில் நீ சொல்வதை ஏற்கிறேன் அம்மா. வாத்தியார்த்தனம் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. டி-ஷர்ட் விற்காததும் அதே பிடிவாதம்தான். கடைசியில் என்ன ஆனது, ‘இது ஃபுகாஸி டி-ஷர்ட் இல்லை’ என்று அச்சடித்து யார் யாரோ விற்றுச் சம்பாதித்தார்கள். பாலக்கோடு தம்பி, டி-ஷர்ட் போடுங்கள். திருப்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

ராயக்கோட்டை ரயில்:

இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு சந்தேகம். அந்த நாலு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள்?

ரெண்டாவது ஸ்நேர்:

சும்மா இல்லை. லாலியும் கேன்ட்டியும் ஆன்டனி பிரோக் என்ற கிட்டார் கலைஞரோடு மெஸ்தெடிக்ஸ் என்ற குழுவில் வாசிக்கிறார்கள், பாட்டு இல்லாத இசை, ஜாஸ் பக்கம் சாய்ந்தது. மெக்காய் தன் மனைவி ஏமி ஃபாரினாவுடன் ஈவன்ஸ் என்ற குழு, பிறகு லாலியையும் சேர்த்துக்கொண்டு கோரிக்கி. பிச்சியோட்டோ பிறர் தட்டுகளுக்குத் தயாரிப்பாளராக இருந்தார், பிளாண்ட் ரெட்ஹெட் குழுவுக்குச் செய்தவை நன்றாக இருக்கும். நாலு பேரும் சேர்ந்து ஒரு விழாவில் ஏறினால் பெரும் பணம் கிடைக்கும். ஏறவில்லை.

பாலக்கோடு பேஸ்:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே குழுவில் படித்துக் காட்டினேன். கிட்டார்காரன் அரூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு 499இலிருந்து இறங்கி வந்தான், ஆனால் 100க்கு வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி: நஷ்டம் வந்தால் யார் கையிலிருந்து? ஃபுகாஸி நஷ்டத்தில் ஓடவில்லை, செலவைக் குறைத்து லாபத்தில்தான் ஓடினார்கள் என்று காட்டிய பிறகு உட்கார்ந்து செலவை எழுத ஆரம்பித்தோம்.

மண்டபத்தை விட்டுவிட்டோம். கல்யாண மண்டபங்களில் ஜெனரேட்டர், சுத்தம் செய்கிற கூலி, பாத்திர அறை என்று வாடகைக்கு மேல் ஏறிக்கொண்டே போகிறது, பாத்திர அறை எங்களுக்கு எதற்கு? டிரம்ஸ் ஆசிரியர் ஒருவர் தன் டியூஷன் சென்டர் மாடியைத் தருகிறார், அறுபது பேர் நிற்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, பாலக்கோட்டுக்கும் அரூருக்கும் போகிறவர்களுக்கும் பஸ் வேண்டும். மைக் செட் வாடகைக்கு எடுக்கவில்லை, ஆம்ப் எங்களுடையதே, பாடுவதற்கு மட்டும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். விளக்கு டியூப் லைட்.

இப்படிப் போட்டால் 100 ரூபாயில் கையைக் கடிக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 50. முன்னால் பாதி இடம் பெண்களுக்கு என்று கயிறு கட்டலாமா என்று டிரம்மர் கேட்கிறான். அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அரூர்க்காரி:

கயிறு வேண்டவே வேண்டாம் தம்பி. கயிறு கட்டினால் அது பஸ்ஸில் மகளிர் இருக்கை மாதிரி ஆகிவிடும், எழுந்திருக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டும். இடிக்கிறவனைப் பார்த்தால் பாட்டை நிறுத்துங்கள், அது போதும். இன்னொரு குழுவையும் கூப்பிடுங்கள். கிருஷ்ணகிரியில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் சொந்தப் பாட்டு வாசிக்கிறார்கள், எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். அவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கொடுங்கள், கூட்டமும் கூடும்.

பென்னாகரம் முகவீணை:

மாடி என்றால் படி எத்தனை? எனக்கு மூட்டுவலி. பம்பைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பார்க்கிறேன். அந்த மணி அடிக்கிற டிரம்ஸ்காரரை அவருக்குக் காட்டினேன், இவன் நம் ஆள் என்கிறார்.

சிப்காட் சீனி:

ஐயா, ஓசூரிலிருந்து காரில்தான் வருகிறேன், பாலக்கோடு வழியாக வந்து உங்களை ஏற்றிக்கொள்ளச் சுற்றுதான், ஆனாலும் வருகிறேன். தம்பி, எனக்கு ஒரு டிக்கெட், பம்பைக்காரருக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று. முந்நூறு ரூபாயை எந்த எண்ணுக்கு அனுப்புவது? ‘வெயிட்டிங் ரூம்’ வாசிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நிறுத்தத்தில் இருமக் கூடாது என்று இப்போதே பழகிக்கொள்கிறேன்.

பாலக்கோடு பேஸ்:

படி இருபதுக்குள்தான் ஐயா, நாங்கள் நாலு பேரும் கீழே வந்து நிற்போம். சீனி அண்ணா, பணத்தை வாசலில் கொடுங்கள், போதும். ‘வெயிட்டிங் ரூம்’ வாசிக்க மாட்டோம், எல்லாம் எங்கள் பாட்டுதான். தேதி இன்னும் முடிவாகவில்லை, டியூஷன் சென்டரில் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சொல்கிறேன்.